சபேட்டோவில் கொடி அவிழாத காலை

நந்தி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி முதலில் வெளியே எடுத்தது நம் தேசியக் கொடியை. அடுத்து எடுத்தது மோர்மிளகாயை. கொடியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். மோர்மிளகாய் குப்பைத் தொட்டிக்குப் போனது. அதன் பின்னாலேயே வடகமும் கறிவேப்பிலையும் என் தங்கை வசந்தா ஆசையாகக் கேட்டிருந்த மாவடுவும் போயின. வெளியூர்ப் பூச்சி ஒன்றுகூட உள்ளே வந்துவிடக் கூடாதாம். குறுக்கே நிற்பவனை நந்தி மாதிரி நிற்கிறான் என்று நம் ஊரில் சொல்வோம். இவர்கள் விமான நிலையத்துக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

நான் மணப்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விசில் ஊதும் வாத்தியாருக்கு ஊரில் பெரிய மதிப்பு கிடையாது. வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் தலைமையாசிரியரே என்னைத் தேடி வருவார், கொடி கட்ட. துணியை எப்படி மடிப்பது, உள்ளே எவ்வளவு பூ வைப்பது, எந்த முடிச்சைப் போட்டால் சிறப்பு விருந்தினர் ஒரு சுண்டு சுண்டியதும் பூ அவர் தலையில் கொட்டும் என்பதெல்லாம் என் கைக்குத் தெரியும். ஒரு வருஷம்கூடச் சிக்கியதில்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

நான் போன இரண்டாயிரமாம் வருஷம் மே மாதம் ஃபிஜியில் துப்பாக்கியோடு சிலர் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து பிரதமரையே பிடித்து வைத்துக்கொண்டார்கள். கலகம் அடங்கியும் ஆட்கள் நிற்கவில்லை. டாக்டர், கணக்கர், வாத்தியார் என்று இந்திய வம்சாவளியினர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலி செய்த நாற்காலி ஒன்றில் டாக்டரான என் தங்கை மாப்பிள்ளை போய் உட்கார்ந்தார். ஊரே ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் போவது எங்கள் குடும்ப வழக்கம். தங்கை எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.

விமான நிலையச் சுவரிலேயே ஃபிஜிக் கொடியைப் பார்த்துவிட்டேன். இளநீலத் துணி, அது பசிபிக் கடல். மூலையில் ஆங்கிலேயர் கொடி. மற்றப் பக்கம் ஒரு கேடயம். அதில் நான்கு கட்டம்: கரும்பு, தென்னை, வாழைக்குலை, ஆலிவ் இலையைக் கவ்விய புறா. புறாவை எடுத்துவிட்டால் பொங்கல் வைக்கத் தேவையானது பாதி வந்துவிடும். கேடயத்தின் மேல்பகுதியில் ஒரு சிங்கம். ஃபிஜியில் மருந்துக்குக்கூடச் சிங்கம் கிடையாது. இந்தச் சிங்கமோ முன்னங்கால்களில் எதையோ பிடித்திருக்கிறது. என்ன அது என்று அதிகாரியைக் கேட்டேன். அவர் என்னையும் என் மோர்மிளகாயையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வசந்தாவைக் கேட்டேன். "ஈரப்பலாக்காய்ண்ணே. இங்கே எங்கே பார்த்தாலும் அதுதான்" என்றாள். மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வீங்கிய கல்லீரல் மாதிரி இருக்கிறது என்றார். டாக்டர்களிடம் கொடியைக் காட்டவே கூடாது.

மறுநாள் சந்தைக்குப் போய்விட்டு, வசந்தா குடியிருந்த சபேட்டோவுக்குப் பஸ்ஸில் திரும்பினேன். ஃபிஜி பஸ்ஸுக்கு ஜன்னல் கிடையாது. மழை வந்தால் சுருட்டி வைத்த தார்ப்பாயை அவரவர் அவிழ்த்துவிட வேண்டும். நான் அவிழ்த்த தார்ப்பாய் நேராக முன் இருக்கைக்காரர் தலையில் விழுந்தது. அவர் கோபப்படாமல், "புலா" என்று வணக்கம் சொன்னார். மணப்பாறை பஸ்ஸில் இது நடந்திருந்தால் என் மூன்று தலைமுறையையும் விசாரித்திருப்பார்கள்.

அவர்கள் சுதந்திர தினமான ஃபிஜி நாள் நெருங்கியிருந்ததால் ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு சின்னக் கொடியைத் தொங்கவிட்டிருந்தார். பார்த்ததும் எனக்குக் கை அரிக்கத் தொடங்கியது. கொடி தலைகீழாக இருந்தது. ஆங்கிலேயர் கொடியில் கம்பத்தை ஒட்டிய பக்கம் அகலமான வெள்ளைப் பட்டை மேலே வர வேண்டும், அது கீழே கிடந்தது. எழுந்துபோய்ச் சொன்னேன். ஓட்டுநர் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு எல்லோரையும் கேட்டார். பஸ் இரண்டாகப் பிரிந்தது. சிங்கம் வெயிலில் வெளுத்து அழிந்திருந்ததால், ஒரு பெண் வாழைக்குலையைப் பாருங்கள் என்றாள். குலை கீழே தொங்கும் என்று ஒரு கட்சி, காய் மேல்நோக்கித்தான் இருக்கும் என்று இன்னொரு கட்சி. அதற்குள் கரும்பு ரயில் வந்து ரோட்டை மறித்து, நிதானமாகப் போனது.

கொடியைத் தலைகீழாகக் கட்டினால் ஆபத்தில் இருக்கிறோம், காப்பாற்றுங்கள் என்று பொருள் என விளக்கினேன். ஓட்டுநர் யோசித்தார். "அப்ப சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். இறங்கும்போது சிங்கத்தைப் பற்றிக் கேட்டேன். "ரக்பி பந்து. வேற என்ன?" என்றார்.

வசந்தா குடியிருந்தது கோபால்சாமியின் இடத்தில். கரும்பு விவசாயி, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மேனேஜர். அவருடைய தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டக் கப்பல் ஏறியவர். பேரனிடம் தமிழ் இருந்தது, ஆனால் அது கப்பலேறிய வருஷத்திலேயே நின்றிருந்தது. நடுநடுவே அவர்கள் ஊர் இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

"குந்து மாஷ்டர். சாய் குடி" என்றார். அவருடைய மனைவி பாப்பம்மா ரொட்டியும் டின் மீன் குழம்பும் வைத்தார். டப்பாவில் அடைத்த மீனைக் கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு வாங்கித் தின்கிறீர்களே என்றேன். கோபால்சாமி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"பத்து நாள்ல நாங்க ப்ரிஸ்பேன் போறம் மாஷ்டர். மகன் கூப்புட்டுட்டான். பேப்பரெல்லாம் ஆயிடுச்சி. யாருகிட்டயும் சொல்லல."

"நல்ல விஷயம்தானே? ஏன் சொல்லவில்லை?"

அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஃபிஜியர்களின் கிராமம். அதன் தலைவர் செமி. இருவரும் ஒரே ஆற்றில் நீந்தி வளர்ந்தவர்கள். "அவன் டாலோ கெழங்கு குடுப்பான், நம்ம கத்திரிக்கா குடுப்பம். கலகத்துல நம்ம மாடு ராணி காணாப்போச்சி. அந்தப் பக்கந்தான் ஓட்டிக்கினு போனாங்கோ. அன்னியிலேருந்து செமி இந்தப் பக்கம் வரல, நம்ம அந்தப் பக்கம் போவல. அம்பது வருஷத் தோஸ்த் மாஷ்டர். சொல்லாத போனா நம்ம மனுசனா?"

அதற்காகத்தான் ஃபிஜி நாளன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற செமியைக் கூப்பிட்டிருந்தார். தலைமையாசிரியை சகுந்தலா போய் அழைத்ததும் செமி வருவதாகச் சொல்லிவிட்டாராம். கொடி ஏறட்டும், கை குலுக்கட்டும், அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்பது கோபால்சாமியின் திட்டம்.

இதைக் கேட்டுவிட்டுச் சும்மா சாயைக் குடித்திருக்கலாம். "கொடி கட்டுவது யார்?" என்று கேட்டேன்.

ஃபிஜியில் ஆங்கிலேயர் வழக்கம். விரித்த கொடியைக் கீழே மாட்டி அப்படியே மேலே இழுத்துவிடுவார்கள். பூ கிடையாது, பொட்டலம் கிடையாது, எதிர்பார்ப்பு கிடையாது. துணி காயப்போடுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஐம்பது வருஷ சிநேகிதர் வருகிறார், தலையில் நாலு பூவாவது விழ வேண்டாமா என்றேன். கோபால்சாமியின் கண் விரிந்தது. தாத்தாவின் ஊர் வழக்கமா என்று கேட்டார். ஆமாம் என்று அடித்துச் சொன்னேன். அவருடைய தாத்தா காலத்தில் அந்த ஊரில் பறந்ததும் ஆங்கிலேயர் கொடிதான் என்பது பிறகுதான் உறைத்தது.

ஃபிஜி நாளுக்கு முதல் நாள் ஒத்திகை. பள்ளிக்கூடம் முழுவதையும் வெயிலில் நிறுத்தி விசில் ஊதினேன். தேசிய கீதம் ஒலிக்கும்போது காலடியில் பூமி பிளந்தாலும் ஒருவரும் அசையக் கூடாது என்றேன். ஈ மூக்கில் உட்கார்ந்தாலும் விடக் கூடாது என்றேன். கோபால்சாமிக்கும் பயிற்சி கொடுத்தேன். "விருந்தாளி செமிக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்" என்று சகுந்தலா டீச்சரிடம் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினேன். அந்த அம்மாள் போய்ச் சொல்லியும் விட்டார்.

சாயங்காலம் கொடி கட்டினேன். கம்பத்தில் இருந்த நைலான் கயிறு வழுக்கியது. நூல் கயிறோ சணலோதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கோபால்சாமி தொழுவத்திலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்துவந்தார். "ராணியோட கவுறு. மாடுதான் இல்ல, கவுறு சும்மாத்தானே கெடக்கு" என்றார். அதை வாங்கிக் கப்பியில் கோத்தேன்.

செம்பருத்தி, துலுக்கச் சாமந்தி, பெருங்கள்ளி என்று பிள்ளைகள் கொண்டுவந்த பூவையெல்லாம் வைத்தேன். மடிக்கும்போது சிங்கத்தைக் காட்டி மறுபடியும் கேட்டேன். கோபால்சாமிக்குத் தெரிந்திருந்தது. "கோக்கோ காய் மாஷ்டர். சாக்லேட்டு." இத்தனை பெரிய சிங்கம் சாக்லேட்டுக்காகவா நிற்கிறது என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அந்த நாட்டில் ராணுவம் இரண்டு கலகம் செய்து இங்கிலாந்து ராணியம்மாவை நாட்டுத் தலைமையிலிருந்து நீக்கிக் குடியரசாக்கியும் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. மூலையில் அந்தம்மாவின் கொடி மட்டும் அப்படியே இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்றேன். "துணி இன்னும் கிழியல" என்றார்.

விடியற்காலையில் மழை பெய்தது. ஃபிஜி மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. சணல் கயிறு மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்பதை மணப்பாறையில் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. மணப்பாறையில் மழை பெய்தால்தானே?

காலையில் மைதானத்தின் ஒரு பக்கம் கரும்புக்காரக் குடும்பங்கள், எதிர்ப்பக்கம் கிராமத்து ஃபிஜியர்கள். நடுவில் நல்ல இடைவெளி. செமி வந்தார். கோட்டுப் போட்டு, கீழே சுலு கட்டியிருந்தார். சுலு என்பது நம் வேட்டிதான், பாக்கெட் வைத்துத் தைத்த வேட்டி. ஆள் கதவு அகலம். பழைய ரக்பி ஆட்டக்காரர். கோபால்சாமியைப் பார்த்துத் தலையசைத்தார். இவரும் தலையசைத்தார். இரண்டு பேரும் உடனே கொடிக் கம்பத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் கயிற்றைச் செமியிடம் கொடுத்து, ஒரு சுண்டு சுண்டுங்கள் என்று கையால் காட்டினேன். சுண்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்றேன். கொஞ்சம் என்பது ரக்பிக்காரர்களுக்குத் தெரியாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். மழையில் ஊறிப் பருத்திருந்த முடிச்சு போய்க் கப்பிக்குள் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. பொட்டலத்திலிருந்து ஒரே ஒரு செம்பருத்தி மட்டும் கழன்று, யோசித்து யோசித்து விழுந்தது.

ஃபிஜியர் பக்கம் யாரோ சிரித்தார்கள். செமியின் முகம் கறுத்தது. கயிற்றை விட்டுவிட்டு ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னும் ஒரு அடி வைத்தால் ஆற்றைக் கடந்துவிடுவார் போலிருந்தது. கோபால்சாமி பதறிப்போனார்.

"ஏணி! ஏய் பாப்பம்மா, ஏணி எங்க?"

கூட்டத்திலிருந்து பாப்பம்மாவின் குரல் வந்தது. "வித்துட்டேன்."

"எதுக்கு வித்த?"

"ஏணியத் தூக்கிக்கினு ப்ரிஸ்பேன் போவ முடியுமா?"

மைதானம் மொத்தமும் கோபால்சாமியைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த செய்தி இப்படி வெளியே வந்து நின்றது. எனக்கு அங்கேயே குழி தோண்டிப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், தன் வாயால் சொல்ல நினைத்தார். என் நான்கு பூவுக்கு ஆசைப்பட்டு அதைக் கெடுத்துவிட்டேன்.

செமி போகவில்லை. கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். அது அவ்வளவு உயரம் இல்லை, கூரையைவிட ஒரு முழம் அதிகம். யார் கட்டினது என்று கேட்டார். எல்லா விரலும் என்னைக் காட்டின. செமி என் எலும்பும் தோலுமான உடம்பை மேலும் கீழும் அளந்தார். ரக்பியில் பந்தைப் பிடிக்க ஒரு ஆளைத் தூக்கிப் பிடிப்பார்களாம். அதற்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். அவர் என் இடது காலைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். கோபால்சாமி வந்து வலது காலைப் பிடித்தார்.

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் பூமி கீழே போய்விட்டது.

இருவர் தோளிலும் ஆளுக்கொரு கால், கை இரண்டும் கம்பத்தில். என் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தேன். மாட்டு வாசனை அடித்தது. கடைசியில் அது விட்டுக்கொடுத்தது. சாமந்தியும் பெருங்கள்ளியும் செமியின் தலையிலும் கோபால்சாமியின் தலையிலும் கொட்டின, கொடி விரிந்து என் முகத்தை மூடியது. கைதட்டல் காதைப் பிளந்தது. இறக்குங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சகுந்தலா டீச்சர் டேப் ரிக்கார்டரைத் தட்டிவிட்டார்.

தேசிய கீதம்.

மைதானம் மொத்தமும் விறைத்து நின்றது. என் ஒத்திகையை இவ்வளவு நன்றாக யாரும் கடைப்பிடித்ததில்லை. கீழே இருந்த இருவரும்கூட அசையவில்லை. பேட்டரி தளர்ந்திருந்ததால் கீதம் கட்டை வண்டி வேகத்தில் போனது. நான் ஃபிஜிக் கொடியைக் கட்டிக்கொண்டு, சிங்கத்தோடு மூக்குக்கு மூக்கு நின்றேன். கோக்கோ காய்தான். ஆனால் அந்த நேரத்தில் ரக்பி பந்து என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் காலடியில் பேச்சுக் குரல் கேட்டது. உதடு அசையாமல், அவர்கள் ஊர் இந்தியில். என்.சி.சி. முகாமில் நான் கற்ற இந்திக்கு எட்டும் அளவுக்கு எளிய பேச்சு.

"ஏணி எங்க வீட்டுலதான் இருக்கு" என்றார் செமி.

"ம்."

"ஃபிரிட்ஜும்."

"ஃபிரிட்ஜுமா? ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொன்னாளே!"

"நீ போறது எனக்கு ஒரு மாசமாத் தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"சொல்றதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

கீதம் ஒரு வரி நகர்ந்தது.

"ராணியை எங்க அக்கா பசங்கதான் ஓட்டிட்டு வந்தானுங்க" என்றார் செமி. "வெட்டினதும் எங்க கிராமத்துலதான். தடுக்க எனக்குத் துப்பு இல்லை. எந்த முகத்தோட வருவேன்?"

என் வலது காலைப் பிடித்திருந்த கை இறுகியது.

"நான் தின்னலை, கோபால். ஊரே தின்னுச்சு. நான் அன்னிக்கு டின் மீன் தின்னேன்."

என் வலது கால் ஆட ஆரம்பித்தது. கீழே கோபால்சாமி அழுதுகொண்டிருந்தார். சற்று நேரத்தில் இடது காலும் ஆடியது. கீதம் முடியும்வரை யாரும் கண்ணைத் துடைக்கக் கூடாது என்பது என் உத்தரவு. இரண்டு பெரிய மனிதர்கள் தோள் குலுங்க அழுகிறார்கள், மேலே நான் கம்பத்தைக் கட்டிக்கொண்டு வீரமலை முருகனிலிருந்து விராலிமலை முருகன்வரை வேண்டுகிறேன். எனக்கும் அழுகை வந்தது. பயத்திலா இல்லையா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அடுத்த வருஷம் கொடி சிக்கினா, அந்தக் காலை யாரு பிடிப்பா?" என்று செமி கேட்டார்.

கோபால்சாமி பதில் சொல்வதற்குள் கீதம் முடிந்துவிட்டது. என்னை இறக்கினார்கள். பிறகு நான் ஒருவன் நடுவில் இருப்பதை மறந்துவிட்டு, என்னைச் சேர்த்தே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்து, பெரிய மரக் கிண்ணத்தில் யங்கோனா கரைத்தார்கள். ஒரு வேரை இடித்துக் கரைத்த தண்ணீர். காவேரியில் புது வெள்ளம் வரும் அன்று குழாயில் வரும் நிறம், ஏறக்குறைய அதே ருசி. குடித்ததும் நாக்கு மரத்துப்போகிறது. என் வாயை அடைக்க அந்த ஊரில் அது ஒன்றுதான் இருந்தது என்று வசந்தா பிறகு சொன்னாள்.

பொழுது சாய்வதற்குள் கொடியை இறக்கிவிட வேண்டும் என்பது முறை. நானும் கோபால்சாமியும் இறக்கி, தரையில் படாமல் மடித்தோம். கம்பத்திலிருந்து ராணியின் கயிற்றையும் உருவினோம். அப்போது ஆற்றுப் பக்கத்திலிருந்து செமி வந்தார். கோட்டு இல்லை, சுலு முழங்கால்வரை நனைந்திருந்தது. பின்னால் நைலான் கயிற்றில் ஒரு செவலைக் கன்றுக்குட்டி முரண்டு பிடித்துக்கொண்டே வந்தது.

"ராணிக்குப் பதில்" என்றார்.

"அடுத்த வாரம் போறவனுக்குக் கன்னுக்குட்டி எதுக்கு?" என்று கோபால்சாமி கேட்டார்.

"கன்னு உன்னோடது. புல்லு மட்டும் என்னோடது. வளர்ந்ததும் வந்து பாரு."

கோபால்சாமி வெகுநேரம் அந்தக் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நைலான் கயிற்றைக் கழற்றிச் செமியிடமே கொடுத்தார். ராணியின் கயிற்றை அதன் கழுத்தில் போட்டு, மறுமுனையைக் கொடிக் கம்பத்துக்குக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கொடிக் கம்பத்தில் மாடு கட்டக் கூடாது. எந்த நாட்டு விதியும் அதை ஒப்புக்கொள்ளாது. நான் கயிற்றைக் கம்பத்தில் சுற்றினேன்.

"மாஷ்டர்" என்றார் அவர். "நேத்து போட்டியே, அந்த முடிச்சயே போடு."